செஞ்சியிலிருந்து ஒரு சாவுச் சேதி

செஞ்சிக்குப் போய் வந்தவன் கோட்டையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது வழக்கம். எங்கள் கல்லூரி இதழ்க்காரர்களும் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள். "உன் ஊர்தானே, ராஜகிரி மேல ஏறி நாலு பக்கம் எழுதிக் கொண்டா" என்றார்கள். ராஜகிரி அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய உண்டு. நான் எழுதப்போவது, அந்த மலை கண்ணில் படுகிற தூரத்துக்குள் போன விடுமுறையில் நான் போய் வந்த ஒரு பயணத்தைப் பற்றி. கோட்டைக்காக ஏறியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் தத்துவ வகுப்பில் அமெரிக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கடைகளில் கறுப்பு மாணவர்கள் போய் உட்கார்ந்து, பரிமாற மறுத்த பிறகும் எழுந்திருக்காமல் இருந்தார்கள் என்று பேராசிரியர் சொன்னார். தலையில் சர்க்கரையைக் கொட்டினார்களாம். எழவில்லையாம். வகுப்பே மேசையைத் தட்டியது, நானும் தட்டினேன். பிறகு எழுந்து, "சார், இதே நியாயம் செஞ்சிப் பக்கத்து டீக்கடைக்கும் பொருந்துமா?" என்று கேட்டேன். பேராசிரியர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது சமூகவியல் தம்பி, தத்துவம் இல்லை" என்றார். இந்த முறை யாரும் மேசையைத் தட்டவில்லை.

கடலைத் தாண்டினால் தத்துவம், திண்டிவனத்தைத் தாண்டினால் சமூகவியல்! இந்த ஒரு வரி பஸ் முழுக்க என் கூடவே வந்தது.

முதல் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திண்டிவனத்திலிருந்து வருகிறவர்களுக்குச் செஞ்சி முதலில் கல்லாகத்தான் தெரியும். யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது மாதிரி பாறைமேல் பாறை. பஜாரில் இறங்கினேன். செட்டியார் கடைகளில் வேர்க்கடலை மூட்டைகள் தெருவரைக்கும் அடுக்கியிருந்தன. பட்டணத்து ஓட்டல்களில் சட்னியைத் தண்ணீராகக் கரைப்பார்கள். பஜார் முனையில் வாங்கிய இட்லிக்குக் கடலைச் சட்னி கெட்டியாக வந்தது. கடைக்காரருக்கு என்னைத் தெரியாது, பேண்ட்டைத்தான் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதே கடையில் என் நைனா பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர், பஜாரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் நடக்கிற தூரம். ஊர்த்தெரு ரோட்டோரம் இருக்கிறது. எங்கள் தெரு, அதாவது சேரி, வாய்க்காலுக்கு அந்தாண்டை. வீட்டில் நைனா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கருவேலமுள் ஏறிக் கணுக்கால்வரை வீங்கியிருந்தது. அம்மா மஞ்சளை இழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா நைனா இது, ஆஸ்பத்திரிக்குப் போவலியா?"

"நீ படிச்சு முடிச்சுட்டு வந்து வைத்தியம் பாரு."

"நான் டாக்டருக்குப் படிக்கல நைனா. தத்துவம்."

"அது எந்த நோவுக்கு?" என்றார். அம்மா சிரித்துவிட்டாள்.

மறுநாள் அமாவாசை. விடிந்ததும் வாய்க்கால் கரையிலிருந்து கூப்பிடு குரல் கேட்டது. ஊர்த்தெருப் பெரிய வீட்டில் காரியம் பார்க்கிற கோபால் நின்றுகொண்டிருந்தார். வாய்க்காலைத் தாண்டி வரமாட்டார். காத்தவராயன் என்கிற என் நைனா அவருக்குக் காத்தான்.

"டேய் காத்தான்! பெரியவரு போயிட்டாருடா. மத்த மூணு பக்கமும் ஆள் போயாச்சு. தளவானூர்ப் பக்கம் உன் மொறை. பெரியவரு பொண்ணு கனகம்மா வூடு. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவோம். அந்தப் பொண்ணு அப்பன் மூஞ்சியைப் பாக்கணும்னா இப்பவே கெளம்பு."

இந்த முறையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் வெளியூரில் இருக்கிற அவர்கள் உறவுக்குச் சேதி கொண்டுபோவது எங்கள் தெருவின் வேலை. எந்தத் திசைக்கு எந்த வீடு என்றுகூடப் பாத்தியம் உண்டு. சேதிக்காரன் மேல்சட்டை போடக்கூடாது, செருப்பு போடக்கூடாது. போகிற ஊரில் தெருமுனையில் நின்று குரல் கொடுக்க வேண்டும். யாராவது வந்து கேட்டுக்கொண்டு, ஒரு படி நெல்லைத் துண்டில் கொட்டுவார்கள். அதை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். தளவானூர்த் திசை எங்கள் தாத்தாவின் பாத்தியம், பிறகு நைனாவுடையது. அந்தப் பக்கத்து ஊர்களில் என் நைனாவின் தலை தெரிந்தாலே பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார்கள் என்று அம்மா சொல்லுவாள்.

நான் வாய்க்கால் கரைக்குப் போனேன். "பெரியவரு மவன் பழனிகிட்ட சைக்கிள் இருக்குதே. அவரு போவலாமே, அவரு அக்காதானே?"

கோபால் என் தலைக்கு மேலாக வீட்டைப் பார்த்து, "காத்தான், இன்னாடா உன் மவன் என்னமோ சொல்றான்? துக்க வூட்டுக்காரன் தன் வூட்டுச் சாவைத் தானே போய்ச் சொல்லுவானா?" என்றார்.

"தந்தி குடுங்க. செஞ்சியில தந்தி ஆபீசு இருக்குது."

"அந்த ஊருக்குத் தந்தி போய்ச் சேர்றதுக்குள்ள கருமாதியே வந்துடும்."

அது உண்மைதான். அதற்குள் நைனா தடியை ஊன்றி வெளியே வந்துவிட்டார். ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். "நான் போறேன் உடுங்க" என்றார்.

கடமை என்ற சொல்லை ஒரு பருவம் முழுக்கப் படித்தவன் நான். எல்லோருக்கும் பொதுவான சட்டமாக்க முடியாத விதியின்படி நடக்காதே என்று எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பெரிய வீட்டுப் பிள்ளை சட்டையைக் கழற்றிவிட்டுச் சேதி கொண்டு ஓடுவானா? ஓடமாட்டான். அப்படியானால் இது கடமையே அல்ல. கணக்குத் தீர்ந்தது. ஆனால் தீராத பாக்கி ஒன்று இருந்தது. தளவானூர்ப் பக்கம் ஒரு பெண், அப்பா செத்தது தெரியாமல் இருக்கிறாள். நான் மறுத்தால் அவள் முகம் பார்க்கமாட்டாள். இல்லையென்றால் நைனா அந்தக் காலோடு நடப்பார்.

"நான் போறேன்" என்றேன். "உங்க மொறைக்காவ இல்ல. அந்தக்கா அவங்கப்பன் மூஞ்சியைப் பாக்கணும்னு போறேன்."

"எதுக்காவது போ. போய்ச் சேரு" என்றார் கோபால். பிறகு, "சட்டையைக் கழட்டிட்டுப் போடா!" என்று கத்தினார்.

நான் உள்ளே போய் இருந்ததிலேயே நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பேண்ட், செருப்பு. நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். "தெருமொனையில நின்னு சொல்லு. உள்ள போவாத" என்றார். "அந்தக்கா வாசல்ல நின்னு, அவங்ககிட்டயே சொல்லப் போறேன் நைனா" என்றேன். அவர் தடியை ஒதுக்கி எனக்கு வழிவிட்டார்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் இருந்தது. ஆனால் எல்லாம் மேல்மலையனூருக்கு. அமாவாசை என்றால் இந்தப் பக்கத்துச் சக்கரங்கள் அத்தனையும் அங்காளம்மனுக்குத்தான். எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கட்டுச்சோறுமாகக் கூட்டம் ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. "மலையனூர் மலையனூர் மலையனூர்" என்ற ஒரே கூச்சல். தெற்கே விழுப்புரம் போகிற பஸ்ஸைக் கேட்டால், "அதுவும் மலையனூர் போயிருக்குது, வந்தா வரும்" என்றார்கள். வெயில் ஏற ஏற நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அது வந்தது. ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு அம்மாள், தலையில் மஞ்சள் துணி, மடியில் ஒரு சேவல், கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றாள்.

"மலையனூருக்கு ஒண்ணு குடு."

"இது விழுப்புரம் போவுது ஆத்தா."

"நீ ஏன்யா விழுப்புரம் போற? அமாவாசையும் அதுவுமா?"

"என்னை இன்னா கேக்கற, ஓனரைக் கேளு. எறங்கு."

"எறங்க மாட்டேன். அங்காளம்மா எல்லா ஊர்லயும் இருக்கா. விழுப்புரத்துலயே அறுத்துக்கறேன்."

பஸ்ஸே சிரித்தது. சேவல் மட்டும் சிரிக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர் கடலை வியாபாரி. வறுத்த கடலை ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊர்லயா, அந்தாண்டையா?"

வாய்க்கால் எங்கள் ஊரில் மட்டும் ஓடுவதில்லை. "நான் மெட்ராஸ்ல படிக்கறேங்க" என்றேன். அவருக்குத் திருப்தி. "அப்போ ஆபீசரா வருவீங்க" என்று இன்னொரு கை கடலை கொடுத்தார். அந்தக் கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அந்த முடிவு இவ்வளவு சீக்கிரம் வேலைக்கு வரும் என்று நினைக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வழியே நடந்து, கனகம்மாவின் ஊரை அடைந்தபோது உச்சிவெயில். தெருமுனையில் நிற்கவில்லை, நேராக உள்ளே நடந்தேன். அவர்கள் வீட்டு வாசலில் பந்தல், வாழைமரம், பெரிய கூட்டம். சேதி எனக்கு முன்னால் வந்துவிட்டதோ என்று ஒரு கணம் திகைத்தேன். ஆனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுக்குப் புதிதாகக் கரண்ட் மோட்டார் வைத்திருக்கிறார்கள். நிறைந்த அமாவாசை என்று அன்றைக்கே ஓட்டிப் பார்க்க நாள் குறித்திருக்கிறார்கள். கரண்ட் ஆபீசிலிருந்து ஆள் வந்து சுவிட்சைப் போட வேண்டும். காலையிலிருந்து அவருக்காகத் தெருவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தெருவில் பேண்ட் போட்ட ஒருவன் வியர்க்க விறுவிறுக்க வந்தான்.

"வந்துட்டாரு! ஆபீசரு வந்துட்டாரு!"

"நான் ஆபீசு இல்லீங்க..."

"தெரியும் தெரியும், இன்னிக்கு லீவு நாளு, எங்களுக்காவ வந்திருக்கீங்க" என்று ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து இழுத்தார். கனகம்மாவின் மாமனார் அவர். "மொதல்ல சாப்பாடு. மோட்டாரு எங்க ஓடிப் போவுது?"

"கனகம்மா அக்காவைப் பாக்கணுங்க."

"அவதான் பரிமாறிக்கினு இருக்கா, வாங்க."

பந்தலுக்குள் பந்தி நடந்துகொண்டிருந்தது. என்னை முதல் இலையில் உட்காரவைத்தார்கள். கரண்ட் ஆபீசுக்காரரின் ஜாதியை யாரும் கேட்கவில்லை. கரண்ட் வேண்டியிருந்தது.

சாவுச் சேதியைச் சோற்றின் முன்னால் சொல்லக்கூடாது என்பது எல்லா ஜாதிக்கும் பொதுவான முறை. சொல்லிவிட்டால் எடுத்து முடிக்கிறவரை அந்த வீட்டில் யாரும் கையை நனைக்க முடியாது. இந்தப் பந்தி முடியட்டும், கனகம்மா ஒரு வாய் சாப்பிடட்டும், பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். பொழுதை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன்; இன்னும் நேரம் இருந்தது. இலையில் சோறு விழுந்தது. பருப்பு, நெய், வாழைக்காய்ப் பொரியல், மாங்காய்ப் பச்சடி. காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவன். சாப்பிட்டேன்.

மாமனார் எதிரில் நின்று உபசரித்தார். "ஐயாவுக்குச் சொந்த ஊரு?"

சொன்னேன்.

"அட! நம்ம மருமவ ஊரு!" அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "கனகம், இங்க வா, உங்க ஊர்ப் புள்ள. யாரு வூட்டுப் புள்ளன்னு கேளு."

ரசச் செம்போடு ஒரு பெண் வந்து நின்றாள். சிரித்த முகம். "யாரு வூட்டுப் புள்ளப்பா நீ?" என்றாள்.

பஸ்ஸில் எடுத்த முடிவு. "காத்தவராயன் மவன்" என்றேன்.

ஒரே பெயர்தான். மாமனார் காதில் அது என் ஜாதியாக விழுந்தது. அவள் காதில் அவளுடைய அப்பாவின் சாவாக விழுந்தது. அவர் முகம் கறுத்தது; அவள் முகம் வெளுத்தது.

"டேய்! எழுந்திருடா!" என்றார் மாமனார். "எலையில உக்காந்துட்டான்யா! எழுந்திருடா வெளிய!"

இரண்டு பக்கமும் பந்தியில் இருந்தவர்கள் விருட்டென்று எழுந்தார்கள். யாரோ கல்லை எடு என்றான். தலையில் சர்க்கரை கொட்டினார்களாம், எழவில்லையாம் என்ற பேச்சு அப்போது எனக்கு ஞாபகம் வந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் வந்தது. நான் அசையவில்லை. வலது கை சோற்றில் இருந்தது. "சாப்பிட்டு எழுந்திருக்கறேன்" என்றேன்.

"எங்கப்பாவா?" என்றாள் கனகம்மா.

நான் எழுந்தேன். எழுந்து, "ஆமாக்கா" என்றேன். "வெடிகாலம். பொழுது சாயறதுக்குள்ள எடுக்கறாங்க. இப்பவே கெளம்பினா பாத்துடலாம்."

இந்த இடத்தைத்தான் என் பேராசிரியருக்குக் காட்ட விரும்புகிறேன். எழு என்று ஒருவர் சொன்னார், நான் எழுந்தேன். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் சொல்லுக்குப் பணிந்ததாகத்தான் தெரிந்திருக்கும். இல்லை. அவர் சொல்லுக்கு நான் உட்கார்ந்தே இருந்தேன். அப்பாவை இழந்த ஒரு பெண்ணுக்கு உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லக்கூடாது என்பதால் எழுந்தேன். செயல் ஒன்றுதான், காரணம் வேறு. செயலின் மதிப்பு காரணத்தில் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னது அவர்தான். அது தத்துவம் என்றால் இதுவும் தத்துவம்.

கனகம்மா கையிலிருந்த செம்பு விழுந்து ரசம் ஓடிற்று. அலறல் எழுந்தது, பெண்கள் ஓடிவந்தார்கள். அந்த அமளியிலும் மாமனார் விடவில்லை. "உன் எலையை நீயே எடுத்துக்கினு போடா" என்றார்.

"மத்தவங்க எலையெல்லாம் கெடக்குது பாருங்க. அதோட இதுவும் கெடக்கட்டும்" என்றேன்.

"சும்மா இருங்க மாமா!" என்று அழுகைக்கு நடுவே கத்தினாள் கனகம்மா. எனக்காக இல்லை. அவளுக்கு அப்போது வேண்டியது வண்டி. ஆனாலும் அவர் சும்மா ஆனார். யாரோ முறத்தில் நெல் கொண்டுவந்தார்கள், சேதிக்காரனுக்கு. வேண்டாம் என்று தலையாட்டினேன். என் இலை அங்கேயே கிடந்தது, பாதிச் சோற்றோடு.

கனகம்மாவும் அவள் கணவரும் வண்டி கட்டி மெயின்ரோட்டுக்கு வந்தார்கள். நான் குறுக்கே வயலில் நடந்து அவர்களுக்கு முன்பே வந்து நின்றேன். பஸ் வரவில்லை. இனி எங்கே வரும்? எல்லாம் மலையனூரில். பொழுது மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. நான் நடு ரோட்டில் நின்று, வந்த லாரியை மறித்தேன். செஞ்சி மண்டிக்குக் கடலை மூட்டை ஏற்றிப் போகிற லாரி.

"சாவு வூடா?" என்றார் டிரைவர். "முன்னால எடமில்ல. மேல ஏறுங்க, எல்லாரும் ஏறுங்க. கெட்டியா புடிச்சுக்குங்க."

மூட்டைகளுக்கு மேலே மூவரும் உட்கார்ந்தோம். கனகம்மாவின் கணவர் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு மூட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டார். லாரி குலுங்கின குலுங்கலில் அது சாய்ந்து விழுந்தது. திரும்ப நிமிர்த்தினார். திரும்ப விழுந்தது. அப்புறம் விட்டுவிட்டார்.

ராஜகிரி தெரிய ஆரம்பித்தபோது கனகம்மா முதல்முறையாகப் பேசினாள். "வந்ததுமே ஏன் சொல்லல?"

"நீங்க சாப்புடட்டும்னு பாத்தேங்கா."

"நானா?" என்றாள். "நான் எங்க சாப்புடறது? அத்தினி பந்தியும் முடிஞ்சு, ஆம்பளைங்க எல்லாம் எழுந்து, அதுக்கப்புறம் இல்ல பொம்பளைங்க?"

எனக்குச் சுரீர் என்றது. சேரியின் நியாயத்தை வரிவரியாகப் படித்தவன், அடுக்களையின் நியாயத்தை யோசித்தே பார்க்கவில்லை. அவள் பசியைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவளுக்கு அப்பாவோடு இருந்திருக்கக்கூடிய நேரத்தைத்தான் தின்றிருக்கிறேன்.

"எங்க மாமா கேக்கலேன்னா எப்பதான் சொல்லியிருப்ப?"

நான் ராஜகிரியைப் பார்த்தேன்.

டிரைவர் மண்டியைத் தாண்டி எங்களை ஊர்வரைக்கும் கொண்டுவந்து விட்டார். ஊர் வந்தபோது மேளம் கேட்டது. பாடையைத் தூக்கிவிட்டார்கள். தெருமுனையில் அது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கனகம்மா லாரியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. தலைவிரி கோலமாக ஓடி நடுத்தெருவில் குறுக்கே நின்றாள்.

"எறக்குங்க."

"தூக்கின பாடையை எறக்கக்கூடாதும்மா," என்றார் ஊர்ப் பெரியதனக்காரர். "முறை இல்ல. அப்படியே எட்டிப் பாத்துக்கோ."

"எறக்குங்க! எங்கப்பாவை எறக்குங்க!"

மேளம் நின்றது. தூக்கியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பழனிதான் முதலில் குனிந்தான். இறக்கக்கூடாத பாடை தெருவில் இறங்கியது. அவள் அப்பாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு பயலும் முறையைப் பற்றிப் பேசவில்லை. நான் வாய்க்கால் ஓரமாக நின்று பார்த்தேன். கண் கலங்கியது, கூடவே ஒன்று புரிந்தது. முறை மலை இல்லை. மனிதர்கள் தோளில் தூக்கி வைத்திருப்பது. வேண்டும் என்றால் இறக்கவும் அவர்களுக்குத் தெரிகிறது.

மறுநாள் காலை, மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. கனகம்மா வீட்டுப் பந்தியில் நான் உட்கார்ந்த சேதி வந்து சேர்ந்துவிட்டது. ஊர்த்தெருக்காரர்கள் மேடையில், எங்கள் தெருக்காரர்கள் கீழே வெயிலில். நானும் நைனாவும் நடுவில்.

"சம்பந்தி வூட்டுல நம்ம ஊர் மானம் போச்சு," என்றார் பெரியதனக்காரர். "அப்பனும் மவனும் கால்ல வுழுந்துட்டுப் போங்க. அதோட உட்டுடறோம்."

"எந்தக் குத்தத்துக்குங்க?" என்றேன். "சேதி சொன்னதுக்கா, சோறு தின்னதுக்கா?"

"கேள்வி கேக்காதடா."

"கேள்வி கேக்கத்தான் என்னைப் படிக்க வெச்சாரு எங்க நைனா. நேத்து பாடையை எறக்கினீங்களே, அது முறையா?"

"அது பெத்த பொண்ணு அழுதுச்சு. மனுசத்தனம்."

"மனுசத்தனத்துக்காவ முறையை எறக்கலாம்னு நீங்களே சொல்றீங்க. அப்போ எங்க தோள்ல இருக்கறதையும் எறக்கறோம். இனிமே சாவுச் சேதிக்கு எங்க தெருவுல இருந்து ஆள் வராது."

மேடையில் ஒரே கூச்சல். கோபால், "காத்தான், நீ சொல்லுடா, மொதல்ல நீ வுழு!" என்றார். எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க அவர்கள் களத்தில் நின்றவர். நான் பேசிவிட்டு மெட்ராஸுக்குப் பஸ் ஏறிவிடுவேன், இங்கே இருக்கப்போவது அவர்.

நைனா தடியை ஊன்றிக்கொண்டு வீங்கின காலைக் குனிந்து பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "வுழலாம்னுதாங்க பாக்கறேன். காலு மடங்க மாட்டேங்குது."

எங்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பரவியது. வெயிலில் நின்ற தெருவே சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. தடியைத் தட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து நடந்தார். நான் பின்னால் போனேன்.

சிரிப்புக்கு விலை இருந்தது. இந்த வருஷம் கடலை பிடுங்க எங்கள் தெருவிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. தெருவே மூட்டை முடிச்சோடு திண்டிவனம் பக்கம் கூலிக்குப் போயிற்று. எதிர்வீட்டு அஞ்சலை அத்தை, நான் மெட்ராஸ் புறப்பட்ட அன்றைக்கே வாசலில் நின்று கேட்டாள்: "நீ ஒரு எலை சோறு துன்னுட்டுப் போற. நாங்க இந்த வருசத்துச் சோத்தையே உட்டுட்டு நிக்கறோம். உங்க படிப்புல இதுக்கு இன்னாடா சொல்லியிருக்குது?" அமெரிக்காவில் எழுந்திருக்க மறுத்தவர்களின் அம்மாக்கள் மறுநாள் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனார்கள் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நான் கேட்கப் போகிறேன்.

போன மாதம் நைனா என்னைப் பார்க்க மெட்ராஸ் வந்தார். கால் ஆறிவிட்டது. விடுதி வாசலில் வேர்க்கடலை மூட்டையை இறக்கி வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னார்: "ஊர்த்தெருவுல இன்னொரு சாவுடா. பழனியோட சித்தப்பன்."

"கோபால் வந்தாரா?"

"வந்தான். வாய்க்கா கரையில நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்புட்டான். நான் எழுந்திருக்கறதுக்குள்ள அஞ்சலை எதிர்ல போயி நின்னுட்டா. 'இங்க ஆளு இல்லீங்க. எல்லாரும் சாப்புட்டுக்கினு இருக்கறோம்'ன்னுட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? பழனி சைக்கிளை எடுத்தான். தளவானூருக்கு அவனே போனான்." நைனா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் சிரிப்பு வந்தது அவருக்கு. "ரோட்டு மேட்டுல மிதிக்க முடியலடா அவனால. எறங்கித் தள்ளிக்கினு போனான். நான் வாய்க்கா கரையில உக்காந்து, அவன் மறையற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன்."